நியம்கிரி: சுரங்கம், மலைமக்கள், கிராம சபை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பற்றி எங்கே பேசப் போனாலும், பேச்சு முடிந்ததும் எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள் கேட்கிறார்கள், சுரங்கம் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நான் மலைமக்களின் பக்கம் நிற்பவன். அதை மறைக்கப் போவதில்லை. எதிர்வாதத்தில் வலு இருக்கும் இடத்தில் அதைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன்.

நியம்கிரி எங்கே இருக்கிறது? அங்கே என்னதான் சண்டை?

ஒடிசாவின் தென்மேற்கில், ராயகடா, களாஹண்டி மாவட்டங்களின் எல்லையில் நீளும் மலைத்தொடர் நியம்கிரி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அதன் மேல்தட்டு ஒன்றில் 7 கோடி டன்னுக்கு மேல் பாக்சைட் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அலுமினியத்தின் மூலத்தாது அதுதான். மலையடிவாரத்தில் லாஞ்சிகர் என்ற இடத்தில் வேதாந்தா குழுமம் அலுமினா (பாக்சைட்டைச் சுத்திகரித்துப் பெறும், அலுமினியத்துக்கான இடைப்பொருள்) ஆலை ஒன்றைக் கட்டியது. ஆலைக்குத் தேவையான பாக்சைட்டை, மாநில அரசின் ஒடிசா சுரங்கக் கழகம் மேலேயிருந்து வெட்டித் தர வேண்டும் என்பது திட்டம்.

மலையில் வாழும் டோங்ரியா கோந்த் மக்கள் வேண்டாம் என்றார்கள். சுமார் 10 ஆண்டுகள் தெருவிலும் நீதிமன்றங்களிலும் அமைச்சக அறைகளிலும் வழக்கு நடந்தது. 2013-ல் 12 மலைக்கிராமங்கள் கிராம சபை கூட்டி, சுரங்கத்தை ஒருமனதாக நிராகரித்தன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு இறுதி மறுப்புத் தெரிவித்தது.

டோங்ரியா கோந்த் என்பவர்கள் யார்? எத்தனை பேர்?

சுமார் 8,000 பேர். கோந்த் பெருங்குடியின் ஒரு பிரிவு. இவர்கள் பேசும் குவி மொழி, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மத்திய அரசு இவர்களை 'குறிப்பாக நலிவுற்ற பழங்குடிக் குழு' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. நம் நீலகிரியின் தோடர், கோத்தர், குறும்பர் ஆகியோரும் இருப்பது இதே பட்டியலில்தான்.

மலைச்சரிவுகளில் சிறுதானியம், மஞ்சள், இஞ்சி, அன்னாசி, வாழை, பலா விளைவித்து வாரச்சந்தையில் விற்கிறார்கள். மலையின் அரசனாகவும் மூதாதையாகவும் நியம ராஜாவை வணங்குகிறார்கள். மேல்தட்டில் மரம் வெட்டுவதில்லை என்பது அவர்களின் கட்டுப்பாடு. அடிவாரத்தில் குட்டியா கோந்த் மக்களும் தலித் குடும்பங்களும் வாழ்கிறார்கள். இந்தப் போராட்டத்தை டோங்ரியாக்களின் போராட்டமாக மட்டும் பார்ப்பவர்கள், ஆலைக்காக முதலில் வீடிழந்தவர்கள் அடிவாரத்துக் கினாரி கிராமத்து மக்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உச்சியில் மரமே இல்லையாமே? மொட்டைப் பாறையைத் தோண்டினால் காட்டுக்கு என்ன நஷ்டம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலர் புகைப்படம் பார்த்துவிட்டு நேர்மையாகவே கேட்கிறார்கள். பாக்சைட் படிந்த மேல்தட்டுகள் பெரும்பாலும் புல்வெளிகள்தாம். அடர்ந்த காடு சரிவுகளில் இருக்கிறது. ஆனால் அந்தக் காடு பசுமையாக இருப்பதற்கான காரணம் மேல்தட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. பாக்சைட் நுண்துளைகள் நிறைந்த படிவு. பருவமழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடை முழுவதும் ஊற்றுகளாகக் கசியவிடுகிறது. மலைக்குக் கூரையில் வைத்த தண்ணீர்த்தொட்டி அது. நியம்கிரியில் பிறக்கும் ஓடைகள் வம்சதாரா, நாகாவளி ஆறுகளில் சேர்ந்து ஆந்திரத்து வயல்கள் வரை போகின்றன.

சுரங்கத்தை ஆதரிப்பவர்கள், வெட்டும்போது உண்டாகும் விரிசல்கள் நீர் இறங்குவதை எளிதாக்கும் என்று வாதிட்டார்கள். நீர் இறங்குவது ஒன்று, தேங்கி நிற்பது வேறொன்று. தேக்கி வைக்கும் படிவையே லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு, இறங்கிய மழைநீர் ஏப்ரல் வரை எங்கே தங்கும் என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. தவிர, சுரங்கம் என்றால் மேல்தட்டில் குழி மட்டும் இல்லை. கனரக லாரிகள் ஏறச் சாலை, தாதை இறக்கக் கன்வேயர் பாதை, வெடிவைப்பு, இரவு விளக்குகள் எல்லாம் அந்தச் சரிவுக் காட்டின் வழியாகத்தான் போக வேண்டும். சுரங்கப் பயன்பாட்டுக்குத் திருப்பிவிடக் கேட்கப்பட்ட வனநிலம் 660 ஹெக்டேர்.

அலுமினியம் வேண்டாம் என்கிறீர்களா? மின்கம்பியும் பஸ்ஸும் சோலார் பலகைச் சட்டகமும் எதில் செய்வதாம்?

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒடிசாவிலேயே பஞ்சபட்மாலி மலையிலிருந்து பொதுத்துறையின் நால்கோ நிறுவனம் 1980-களிலிருந்து பாக்சைட் எடுத்து வருகிறது. நாட்டின் தேவை என்பது உண்மையான வாதம். மின்கடத்தலுக்கும் ரயில் பெட்டிகளுக்கும் அலுமினியம் வேண்டும்.

ஆனால் நியம்கிரிக் கணக்கைப் பாருங்கள். லாஞ்சிகர் ஆலை ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா உற்பத்திக்குக் கட்டப்பட்டது. அதை 60 லட்சம் டன்னாகப் பெருக்க நிறுவனம் திட்டமிட்டது. ஒரு டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய மூன்று டன் பாக்சைட் தேவைப்படும். பெருக்கிய ஆலைக்கு இந்த மலையின் பாக்சைட் முழுவதும் நான்கு ஆண்டுகளுக்குத்தான் வரும் என்று 2010-ல் மத்திய அரசு அமைத்த என்.சி.சக்சேனா குழு சுட்டிக்காட்டியது. திரும்ப உருவாக்க முடியாத ஒரு மலையை நான்கு ஆண்டு உற்பத்திக்குக் கொடுப்பதா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. அலுமினியம் வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு விவாதம்.

மலைக்கு அனுமதியே வராமல் கோடிக்கணக்கில் செலவழித்து ஆலையைக் கட்டுவார்களா? நம்ப முடியவில்லையே?

கட்டினார்கள். இந்தக் கதையில் எனக்கு அதிகக் கோபம் வரும் இடம் இதுதான். ஆலையையும் சுரங்கத்தையும் இரு தனித்தனித் திட்டங்களாகக் காட்டி அனுமதி கேட்கப்பட்டது. 2004 செப்டம்பரில் ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அந்த விண்ணப்பத்தில் வனநிலம் தேவையில்லை என்று குறிப்பிட்டிருந்தார்கள். அதே காலத்தில் 58 ஹெக்டேருக்கு மேல் வனநிலம் கேட்டுத் தனி விண்ணப்பமும் போயிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு 2005-ல் இதை ஆராய்ந்து, இந்த மலையில் சுரங்கம் கூடாது என்று பரிந்துரைத்தது.

ஆலை எழுந்து நின்ற பிறகு விவாதத்தின் போக்கே மாறிவிட்டது. "இவ்வளவு முதலீடு வீணாகலாமா?" என்ற கேள்வி, "மலையைத் தோண்டலாமா?" என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது. ஆலை வளாகத்துக்குள் 26 ஹெக்டேர் கிராம வனநிலம் சட்டவிரோதமாக வளைக்கப்பட்டிருந்தது என்றும், விரிவாக்கப் பணிகள் அனுமதிக்கு முன்பே தொடங்கிவிட்டன என்றும் சக்சேனா குழு பின்னர் எழுதியது. விதிகளை மீறவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு.

உச்ச நீதிமன்றமே 2008-ல் அனுமதி கொடுத்ததே! பிறகு அதே நீதிமன்றம் எப்படி மாற்றிப் பேசியது?

2008 ஆகஸ்ட் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வனநிலத்தைத் திருப்பிவிட ஒப்புக்கொண்டது உண்மை. ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் அல்லது லாபத்தில் 5 விழுக்காடு, எது அதிகமோ அதை அந்தப் பகுதியின் வளர்ச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. அத்துடன் முடிந்துவிட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் அதன் பிறகும் மத்திய அமைச்சகத்தின் இறுதி வன அனுமதி தேவைப்பட்டது. சக்சேனா குழுவின் அறிக்கையைப் பெற்றுக்கொண்டு, 2010 ஆகஸ்ட் 24 அன்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அந்த அனுமதியை மறுத்தார்.

ஒடிசா சுரங்கக் கழகம் அந்த மறுப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18-ல் தீர்ப்பு வந்தது. வழக்கைத் தொட்டது இப்போது வேறொரு சட்டம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்பவர்களின் நிலவுரிமையோடு சமூக, பண்பாட்டு உரிமைகளையும் அங்கீகரிக்கிறது. அவற்றைத் தீர்மானிக்கும் முதல் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. நியம ராஜாவை வழிபடும் உரிமையைச் சுரங்கம் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே ஆராயட்டும் என்றது நீதிமன்றம். மாவட்ட நீதிபதி நிலையிலான அலுவலர் ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

தெய்வம் குடியிருக்கும் உச்சி வேறு இடத்தில் இருக்கிறதாமே? சுரங்கம் அதற்குப் பத்து கிலோமீட்டர் தள்ளித்தானே?

வழக்கிலும் இதே வாதம் வந்தது. தெய்வத்தின் இருப்பிடம் என்று சொல்லப்படும் உச்சிக்கும் சுரங்கம் கேட்ட மேல்தட்டுக்கும் இடையே 10 கிலோமீட்டர் இருக்கிறது. இந்தத் தூரம் வழிபாட்டைப் பாதிக்குமா என்பதையும் நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது.

கிராம சபைகளில் மக்கள் சொன்னது, நியம ராஜா ஒரு சிகரத்தில் மட்டும் இருப்பவர் அல்லர், முழு மலையும் அவருடையது என்பது. ஓடையும் சரிவும் காடும் அவருடைய உடைமை என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்களிடம், கோயில் கருவறையைத் தொடமாட்டோம், மலையை மட்டும் வெட்டிக்கொள்கிறோம் என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று யோசித்தால் போதும்.

வெறும் பன்னிரண்டு குக்கிராமங்கள் சேர்ந்து நாட்டின் சொத்தை முடக்கலாமா? இதுவா ஜனநாயகம்?

முதலில் ஒன்று. 12 என்ற எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்தது மாநில அரசு. ராயகடாவில் ஏழு, களாஹண்டியில் ஐந்து. மலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன, எல்லோரையும் கேளுங்கள் என்று மக்கள் கோரினார்கள். மத்திய பழங்குடியினர் நல அமைச்சகமும் 12 போதாது என்று சொன்னது. குறைவான ஊர்களைக் கேட்டால் சாதகமான பதில் கிடைக்கும் என்று யாரேனும் எதிர்பார்த்திருந்தால், அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. 2013 ஜூலை 18-ல் செர்காபாடியில் தொடங்கி, ஆகஸ்ட் 19-ல் ஜராப்பாவில் முடியும் வரை, 12 ஊர்களும் மறுத்தன.

இனி ஜனநாயகம். நிலத்தடிக் கனிமத்தைக் குத்தகைக்கு விடும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. அதை இந்தத் தீர்ப்பும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தின் மேல் தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி சில உரிமைகள் உண்டு. பெரும்பான்மையின் தேவைக்குச் சிறுபான்மையின் வாழ்விடத்தைக் கேட்கும்போது, கேட்கப்படுபவரின் பதிலுக்கு எடை இருக்க வேண்டும். டெல்லியிலும் புவனேசுவரத்திலும் இருப்பவர்கள் மட்டும் வாக்களித்து எடுக்கும் முடிவைவிட அது குறைந்த ஜனநாயகம் என்று நான் கருதவில்லை.

அப்படியென்றால் கிராம சபை வேண்டாம் என்றால் எந்தச் சுரங்கமும் வராதா?

இல்லை. நியம்கிரியின் வெற்றியைக் கேட்டு உற்சாகமடைபவர்கள் பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2013 தீர்ப்பு, கிராம சபையின் முடிவைக் கருத்தில்கொண்டு அமைச்சகம் இறுதி முடிவெடுக்க வேண்டும் என்றுதான் சொன்னது. எல்லா ஊருக்கும் பொருந்தும் முழு மறுப்பதிகாரத்தை அது வழங்கவில்லை. வன உரிமைச் சட்டம் பொருந்த வேண்டுமானால் அது வனநிலமாக இருக்க வேண்டும், உரிமை கோருபவர்கள் அதைச் சார்ந்து வாழ்பவர்களாக இருக்க வேண்டும். நியம்கிரியில் இவை இரண்டோடு வழிபாட்டு உரிமையும் சேர்ந்தது. அதனால்தான் வழக்கு அவ்வளவு உறுதியாக நின்றது.

2009 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கை, வனநிலத்தைத் திருப்பிவிடுவதற்கு முன் கிராம சபையின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 2022-ல் வெளியான வனப் பாதுகாப்பு விதிகள் இந்த வரிசையைக் குலைத்தன. மத்திய அரசு முதலில் அனுமதி வழங்கலாம், வன உரிமைகளைத் தீர்த்துவைப்பதை மாநில அரசு பார்த்துக்கொள்ளும் என்றாகிவிட்டது. தேசியப் பழங்குடியினர் ஆணையமே இதை எதிர்த்தது. அனுமதி கையில் வந்த பிறகு கேட்கப்படும் கிராம சபைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதற்கு, ஆலை முதலில், மலை பிறகு என்று நடந்த மேலே சொன்ன கதையே பதில்.

அவர்களை அப்படியே காட்டுக்குள் வைத்திருக்க வேண்டுமா? பள்ளி, ஆஸ்பத்திரி, வேலை எதுவும் வேண்டாமா?

களாஹண்டி 1980-களில் பட்டினிச் சாவுகளால் நாடறிந்த மாவட்டம். ஏழ்மை அங்கே கற்பனை அல்ல. தொழில் வந்தால்தான் இந்தப் பகுதி முன்னேறும் என்ற மாநில அரசின் வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் பள்ளியும் மருத்துவமனையும் குடிமக்களுக்கு அரசு செய்ய வேண்டிய கடமை. அவற்றுக்கு விலையாக மலையைக் கேட்பது எந்த ஊரில் நியாயம்? சென்னையில் அரசுப் பள்ளி வேண்டும் என்று கேட்பவரிடம் யாரும் அவருடைய வீட்டை எழுதித் தரச் சொல்வதில்லை.

வேலை விஷயத்தில், இன்றைய திறந்தவெளிச் சுரங்கம் இயந்திரங்களால் நடப்பது. வெடிவைப்பவர், எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர், பொறியாளர் என்று பயிற்சி பெற்றவர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள். மலைமக்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி வேலைகள், அவையும் பாக்சைட் தீரும் வரைதான். மஞ்சளும் அன்னாசியும் ஆண்டுதோறும் விளைகின்றன. அவற்றுக்குக் குளிர்பதனக் கிடங்கும் நியாய விலையும் கொடுப்பதுகூட வளர்ச்சிதான். டோங்ரியாப் பெண்கள் பூத்தையல் போடும் 'கப்டாகண்டா' சால்வைக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது.

பின்னால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் மாவோயிஸ்டுகளும் இருந்ததாகச் சொல்கிறார்களே?

வெளிநாட்டு ஆதரவு இருந்தது, அதை யாரும் மறைக்கவில்லை. வேதாந்தா அப்போது லண்டன் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். அங்குள்ள பங்குதாரர்களிடம் கேள்வி எழுப்பினார்கள். நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம் 2007-லும், இங்கிலாந்துத் திருச்சபை 2010-லும் அந்தப் பங்குகளிலிருந்து வெளியேறின. வெளிநாட்டு மூலதனம் மலைக்கு வரலாம், வெளிநாட்டுக் கேள்வி மட்டும் வரக்கூடாது என்பது பொருந்தாத வாதம்.

மாவோயிஸ்ட் குற்றச்சாட்டு இதைவிடக் கடுமையானது. மத்திய உள்துறையின் ஆண்டறிக்கை ஒன்றே, போராட்டத்தை நடத்திய நியம்கிரி பாதுகாப்புக் குழுவை மாவோயிஸ்டுகளோடு இணைத்து எழுதியது. அந்த வட்டாரத்தில் மாவோயிஸ்ட் நடமாட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் போராட்டத்தின் முடிவு துப்பாக்கியால் வரவில்லை. நீதிபதி முன்னிலையில், பெயர் பதிந்து, எழுந்து நின்று பேசிய மக்களால் வந்தது. 2023 ஆகஸ்டில் இந்தப் போராட்டங்களோடு தொடர்புடைய ஒன்பது பேர் மீது 'ஊபா' எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்த காவல்துறை, பிறகு அந்தப் பிரிவுகளைக் கைவிட்டது.

எந்தக் கட்சி மக்கள் பக்கம் நின்றது?

எந்தக் கட்சியும் முழுதாக இல்லை. 2010-ல் ராகுல் காந்தி லாஞ்சிகருக்கே வந்து, டெல்லியில் உங்கள் சிப்பாயாக இருப்பேன் என்றார். அதே காங்கிரஸ் கூட்டணி ஆட்சிதான் 2009-ல் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியிருந்தது. ஒடிசாவில் 2000 முதல் 2024 வரை ஆண்ட நவீன் பட்நாயக்கின் பிஜு ஜனதா தளம் தொடர்ந்து சுரங்கத்தின் பக்கமே நின்றது. 2016-ல் மீண்டும் கிராம சபை நடத்த அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது, நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024-ல் பாரதிய ஜனதா ஆட்சிக்கு வந்தது. முதலமைச்சர் மோகன் சரண் மாஜி ஒரு சந்தால் பழங்குடி. பதவியில் பழங்குடி இருப்பதால் மட்டும் சுரங்கக் கொள்கை மாறிவிடுவதில்லை.

அரிட்டாபட்டியிலும் இதேதானே நடந்தது?

நிறுவனத் தொடர்பு உண்டு. அரிட்டாபட்டியை உள்ளடக்கிய மதுரை நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2024 நவம்பரில் வென்ற ஹிந்துஸ்தான் ஜிங்க், வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்தது. அங்கும் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஆனால் சட்ட அடித்தளம் வேறு. நியம்கிரியில் கிராம சபைக்கு வன உரிமைச் சட்டம் தந்த அதிகாரம் இருந்தது. அரிட்டாபட்டிப் போராட்டம் மக்கள் திரளின் வலிமையாலும் அரசியல் அழுத்தத்தாலும் வென்றது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. மாநிலமே ஒரு குரலில் பேசியதால் கிடைத்த வெற்றி அது. மாநில அரசே எதிரில் நின்றும் டோங்ரியாக்கள் வென்றார்கள் என்பதுதான் வேறுபாடு.

நியம்கிரி தப்பித்துவிட்டது. பிறகு ஏன் இன்னும் அதையே பேசுகிறீர்கள்?

லாஞ்சிகர் ஆலை இன்றும் ஓடுகிறது. பாக்சைட் இல்லாமல் 2012 டிசம்பரில் நின்று, 2013-ல் மீண்டும் இயங்கி, இப்போது விரிவடைந்திருக்கிறது. அதற்குத் தாது வேண்டும். 2023-ல் பக்கத்து சிஜிமாலி மலையின் ஏலத்தை வேதாந்தா வென்றது. அங்கே சுமார் 31 கோடி டன் பாக்சைட் இருப்பதாகக் கணக்கு, நியம்கிரியைப்போல் நான்கு மடங்கு. அங்கும் கோந்த் மக்களும் தலித் மக்களும் வாழ்கிறார்கள், அங்கும் மலைக்குத் தெய்வம் உண்டு. ஊர்கள் 2023 டிசம்பரில் கிராம சபை கூடிச் சம்மதித்துவிட்டதாக ஆவணங்கள் சொல்கின்றன. அப்படியொரு கூட்டமே நடக்கவில்லை, கையெழுத்துகள் போலியானவை என்று ஊர்மக்கள் குற்றம்சாட்டுகிறார்கள்.

சம்மதம் உண்மையா, போலியா என்று வெளியில் இருக்கும் நாம் எப்படித் தெரிந்துகொள்வது?

ஓரளவு முடியும். வன அனுமதிக் கோப்புகள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' தளத்தில் ஏற்றப்படுகின்றன. மாவட்ட ஆட்சியர் தரும் வன உரிமைச் சான்றிதழையும் அதனோடு இணைத்த கிராம சபைத் தீர்மானங்களையும் தேடிப் பாருங்கள். விதிப்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். பல ஊர்களின் தீர்மானங்கள் ஒரே நாளில் நடந்ததாகவும், ஒரே சொற்களில் எழுதப்பட்டதாகவும் இருந்தால், அந்த ஊர்களுக்கு யாராவது நேரில் போய் விசாரித்தாக வேண்டும். 2013-ல் 12 ஊர்களுக்கும் நீதித்துறை அலுவலர்கள் நேரில் போனதால்தான் அந்தத் தீர்மானங்களை இன்றுவரை யாராலும் போலி என்று சொல்ல முடியவில்லை. சிஜிமாலி மக்களும் அதே கோரிக்கையை வைத்தால் அதை மறுக்க என்ன காரணம் சொல்வார்கள் என்று, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள்.